உடம்பும் புழங்கு சாமானும்: இன்றைய கலை பற்றி நம் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவிநாசியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை, நண்பர் வீட்டு மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, ப்ரொஜெக்டர் போட்டு, இன்றைய கலைஞர்களின் வேலைகளைப் பார்த்துப் பேசுகிறோம். மனித உடம்பையும், நாம் தினமும் புழங்குகிற வீடு, துணி, பாத்திரம், வண்டி இவற்றையும் புதிதாகப் பார்க்க வைக்கிறவர்களைத்தான் அதிகம் எடுத்துக்கொள்கிறோம். வருகிறவர்கள் பனியன் கம்பெனி ஆட்கள், பவுண்டரியில் (உலோக வார்ப்புப் பட்டறையில்) இருந்து ஓய்வு பெற்றவர்கள், ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள். நான் பதினாறு வருடம் திருப்பூரில் சாம்பிள் செக்‌ஷனில் பேட்டர்ன் வெட்டியவன். அப்பா கோவை கணபதியில் பவுண்டரி மோல்டர், வார்ப்புக்கு மணலில் அச்சு செய்கிறவர். ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள் வருவதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தக் காலத்துக் கலைஞர்கள் உடம்பை ஏன் இப்படிச் சிதைக்கிறார்கள்? பார்த்தால் ஆள் மாதிரி இருக்க வேண்டாமா?

பேரூர் பட்டீசுவரர் கோயில் கனகசபைத் தூண்களை நினைத்துக்கொள்ளுங்கள். யானைத் தோலை உரித்துப் போர்த்திய சிவன், காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடுகிற சிவன், கை கையாக ஆயுதம் பிடித்த வீரபத்திரர். அங்கே நின்று யாரும் “மனுசனுக்கு ஏனுங்க இத்தனை கை?” என்று கேட்பதில்லை. அந்தக் கதை நமக்குத் தெரியும், அதனால் கை கூடுதலாக இருப்பது உறுத்துவதில்லை. புதிய சிலைகளின் கதை இன்னும் நம் காதுக்கு வரவில்லை, அவ்வளவுதான். கண்ணில் குறை ஒன்றும் இல்லை.

இன்னொன்று. நம் பக்கம் ‘பாடி’ என்று சொன்னால் எத்தனை அர்த்தம் பாருங்கள். நாமக்கல்லில் பாடி கட்டுவது என்றால் லாரிக்கு. கோவையில் பாடி என்றால் பம்புக்கு. திருப்பூரில் பனியனில் கை, கழுத்து போக மிச்சம் இருப்பது பாடி. என் வேலை மேஜையில் மனிதன் எப்போதுமே அட்டையில் வெட்டிய நாலு துண்டுதான்: முன், பின், இரண்டு கை. அந்தத் தட்டையான துண்டுகளைப் பார்த்து, இது தோள் இறங்கியவருக்கு, இது வயிறு போட்டவருக்கு என்று எங்களால் சொல்ல முடியும். உடம்பைத் துண்டாக்கி, மடித்து, மறுபடி சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதுசே இல்லை. அதனால்தான் இந்தக் கலை பெரிய நகரத்துக்காரர்களுக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஒப்புவதில்லை.

இரும்பில் ஆளையே வார்க்கிறாராமே ஒருவர், எப்படி?

ஆண்டனி கோர்ம்லி, 1950-ல் பிறந்த ஆங்கிலேயச் சிற்பி. மாடலாக வேறு ஆளைத் தேடாமல் தன் உடம்பையே எடுத்துக்கொண்டார். உடம்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டரில் தோய்த்த துணியைப் போர்த்துவார்கள். அது இறுகுகிற வரைக்கும் மூச்சை அடக்கமாக விட்டுக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். பிறகு அந்தக் கூட்டை வெட்டி எடுத்து, ஒட்டி, அதிலிருந்து வார்ப்புக்குப் போவார்கள்.

லிவர்பூலுக்குப் பக்கத்தில் கிராஸ்பி கடற்கரையில் அவருடைய 100 இரும்பு ஆட்கள் சுமார் 3 கிலோமீட்டருக்குப் பரவலாக நிற்கிறார்கள். ஒவ்வொன்றும் 650 கிலோ. எல்லாரும் கடலையே பார்த்து நிற்கிறார்கள். அலை ஏறும்போது சிலர் கழுத்து வரை முங்கிவிடுவார்கள், சிலர் காணாமலே போவார்கள், தண்ணீர் இறங்கினால் மறுபடி வருவார்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்து, சிப்பி ஒட்டி, ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வயசாகிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் படத்தைப் போட்டபோது கூட்டத்தில் ஓய்வு பெற்ற மோல்டர் ஒருவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். “மெட்டலை எந்தப் பக்கம் ஊத்தியிருப்பாங்க? தலையிலயா, பாதத்துலயா?” என்று கேட்டார். ரைசர் (சுருங்குகிற இடத்துக்கு உலோகம் ஊட்டுகிற துளை) எங்கே, எங்கே சுருங்கும், அக்குளில் மண் எப்படி நிற்கும் என்று அரை மணி நேரம் பேச்சு அப்படியே போனது. கலை பற்றி நான் கேட்ட நல்ல பேச்சுகளில் அது ஒன்று. தன் உடம்பை அச்சாகக் கொடுப்பது என்றால் என்ன என்பதை அவர் தன் அக்குளைத் தொட்டுக் காட்டித்தான் பேசினார்.

வீட்டுக்குள் காங்கிரீட்டை நிரப்புவது கலையா?

ஆங்கிலேயச் சிற்பி ரேச்சல் வைட்ரீட் செய்தது. கிழக்கு லண்டனில் ஒரு வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள், கடைசியாக ஒரு வீடு மட்டும் நின்றது. 1993-ல் அந்த வீட்டின் உட்சுவர் முழுக்கக் காங்கிரீட்டைத் தெளித்து இறுகவிட்டு, அப்புறம் வெளிச்சுவரை எல்லாம் பெயர்த்து எடுத்துவிட்டார். மிஞ்சியது வீட்டின் உள்வெளி. கணப்பு அடுப்பு இருந்த குழி வெளியே புடைத்துக்கொண்டிருந்தது. ஜன்னல், கதவு, படிக்கட்டு எல்லாம் உள்ளும் புறமும் மாறித் தெரிந்தன. அதே வருடம் அவருக்கு பிரிட்டனின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசு கிடைத்தது, அதை வாங்கிய முதல் பெண் அவர்தான். 1994 ஜனவரியில் அந்தப் பகுதி நிர்வாகம் வேலையை இடித்துத் தள்ளிவிட்டது.

இதை விளக்க நான் பாடுபட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். கோவைக்காரர்களுக்கு ஒரு சொல் போதும்: கோர். பம்ப் கேசிங் (பம்பின் வெளிக்கூடு) வார்க்கும்போது, தண்ணீர் சுற்றி ஓட வேண்டிய இடத்தின் வடிவத்தை மணலில் செய்து அச்சுக்குள் வைப்பார்கள். உலோகம் அதைச் சுற்றி ஓடி இறுகும். பிறகு கோரைத் தட்டி உடைத்து உதறிவிடுவார்கள். உள்ளே இருக்கும் காலியிடத்துக்கு ஓர் உருவம் உண்டு, வார்ப்பு முடிந்ததும் அது தூளாகிவிடும். அப்பா மாதிரியானவர்கள் வாழ்நாள் முழுக்க அந்த உருவத்தைச் செய்து செய்து உடைத்தார்கள். வைட்ரீட் கோரை வைத்துக்கொண்டு கேசிங்கைக் கழற்றிவிட்டார்.

ரோடு அகலப்படுத்தும்போது பாதி வெட்டப்பட்ட வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். நீலச் சுண்ணாம்பு அடித்த சுவர், விளக்குப் புகை படிந்த மாடக்குழி, காலண்டர் தொங்கிய ஆணி எல்லாம் பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்கத் திறந்து கிடக்கும். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம் வருமே, அதே உணர்ச்சிதான் இந்த வேலையிலும்.

துணியில் வீடு தைத்தவர் யார்?

டோ ஹோ சு, 1962-ல் சியோலில் பிறந்த கொரியர். படிக்க அமெரிக்கா போனவர், பிறகு லண்டனுக்குக் குடியேறினார். விட்டு வந்த வீட்டை மறக்க முடியாமல், அளவெடுத்து, அதே அளவில் துணியில் தைத்தார். 1999-ல் செய்த முதல் வீடு பட்டுத் துணியில், பெற்றோர் வீட்டின் வடிவம். அதற்குப் பிறகு குடியிருந்த வாடகை வீடுகளை மெல்லிய பாலியெஸ்டர் துணியில் தைத்தார். ஸ்விட்ச், கதவுக் குமிழ், குழாய், அடுப்பு எல்லாமே துணி. மடித்தால் பெட்டிக்குள் போய்விடும்.

எங்கள் கூட்டத்தில் முதலில் கேட்டது “சீம் எப்படிப் போட்டிருக்காங்க, பெரிசாக்குங்க” என்றுதான். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினால், தையல் ஓரங்களே சுவர் மூலைகளாக நிற்கின்றன. ஒரு டெய்லரின் கைதான் முழு வீட்டையும் தாங்குகிறது.

இதைப் பார்த்துவிட்டு, லைன் வீட்டில் குடியிருக்கிற ஒடிசாப் பையன், பனியன் கம்பெனி செக்கிங்கில் வேலை செய்கிறவன், தன் பத்துக்குப் பத்து அறையில் எதை எல்லாம் தைப்பேன் என்று விரல் விட்டு எண்ணினான். கேஸ் அடுப்பு, கொடிக்கயிறு, மூன்று பேர் செல்போன் சார்ஜ் போடுகிற ஒரே பிளக். ஊரில் உள்ள வீட்டைப் பற்றிக் கேட்டதற்கு, அதற்கு அளவு ஞாபகம் இல்லை என்றான். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மஞ்சள் தூளைத் துணியில் கட்டித் தொங்கவிடுவதில் என்ன இருக்கிறது?

எர்னெஸ்டோ நெட்டோ, 1964-ல் பிறந்த பிரேசில்காரர். இழுத்தால் நீள்கிற மெல்லிய துணியில் மஞ்சள், கிராம்பு, சீரகம், மிளகு போன்றவற்றை நிரப்பி உயரத்திலிருந்து தொங்கவிடுகிறார். கனத்தில் துணி துளித்துளியாக இறங்கி நீண்டு நிற்கும். மடி மாதிரி, வயிறு மாதிரி, பெரிய உடம்பின் உள்ளுறுப்பு மாதிரி. நடுவில் நாம் நடந்து போகலாம். கண்ணை முந்திக்கொண்டு மூக்கு வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

எனக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம். இரண்டு பொருளும் நம்முடையது. லைக்ரா கலந்த, இழுத்தால் நீள்கிற சிங்கிள் ஜெர்சி துணி திருப்பூரில் ரோல் ரோலாக அடுக்கிக் கிடக்கிறது. மஞ்சள் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஈரோட்டில், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பயிர். மஞ்சள் ஏலம் நடக்கிற நாளில் விரலியும் கிழங்கும் கொட்டிக் கிடக்கிற மண்டிக்குள் ஒரு தடவை நடந்து பாருங்கள். வெளியே வந்தபின்னும் சட்டையில், பல்லில், கனவில் அந்த வாசனை இருக்கும். நெட்டோ செய்வது அதைத்தான், வாசனையை ஓர் அறை ஆக்குவது.

நம் தென்னிந்தியாவில் இப்படிச் செய்கிறவர்கள் உண்டா?

நிறைய. என்னிடம் ஒருவரைச் சொல்லச் சொன்னால் ஷீலா கவுடாவைச் சொல்வேன். 1957-ல் கர்நாடகத்துப் பத்ராவதியில் பிறந்தவர், பெங்களூருக்காரர். ஓவியம் படித்தவர், பிறகு சாணி, குங்குமம், ஊதுபத்தி மாவு, தார் டிரம், தலைமுடி என்று இறங்கிவிட்டார்.

‘என் வலியை அவனிடம் சொல்’ என்று ஒரு வேலை. நீள நீளமான நூலை ஊசிக் கண்ணில் கோத்து, அத்தனை இழைகளையும் சேர்த்துக் குங்குமமும் பசையும் பூசிக் கயிறாக்கினார். அது சுவரிலும் தரையிலும் சிவப்பாக வளைந்து நெளிந்து கிடக்கும். தொப்புள்கொடியா, குடலா, தாலிக்கயிறா என்று மனசு அலைபாயும். கிட்டே போய்ப் பார்த்தால் கயிற்றின் நுனியில் ஊசிகள் கொத்தாகத் தொங்கும். தையல் வேலை செய்கிற பெண்கள் இந்தப் படத்தைப் பார்க்கிற விதமே வேறு. ஓர் அக்கா சொன்னார்: “ஊசி குத்தினா ரத்தம் துணியில படக்கூடாதுன்னு வாயில வெச்சுக்குவோம். இந்தம்மா அதை வெளியில வெச்சிட்டாங்க.”

2009-ல் ஷீலா கவுடா செய்த இன்னொன்றில் தலைமுடியில் திரித்த கயிறு சுமார் 4,000 மீட்டர், அதோடு கார் பம்பர்கள். கோயிலில் மொட்டையடித்த முடியில் நீளமானது விக்குக்குப் போய்விடும். நீளம் பற்றாத முடியைக் கயிறாகத் திரிப்பார்கள். கண்ணேறு படாமல் இருக்க டிரைவர்கள் அதை வாங்கி வண்டி பம்பரில் கட்டுவது பெங்களூர்ப் பக்கம் வழக்கம். அந்தக் கயிறுதான் இது. கனமான பம்பர்களை மெல்லிய முடி தாங்கி நிற்கிறது.

பழனியில் முடி இறக்குகிற ஊர்க்காரர்கள் நாம். திருச்செங்கோட்டிலும் சங்ககிரியிலும் லாரி முகப்பில் எலுமிச்சை, பச்சை மிளகாய், கருப்புக் கயிறு இல்லாமல் வண்டி கிளம்பாது. யாரோ ஒருவர் வேண்டுதலுக்குக் கொடுத்த முடி, முகம் தெரியாத இன்னொருவர் உயிருக்குக் காவலாகப் போகிறது. இதை இவ்வளவு பெரிதாக, இவ்வளவு அமைதியாக ஒருத்தர் காட்டியிருக்கிறார் என்பதே எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

2012-ல் முதல் கொச்சி பினாலே கலைக் கண்காட்சியில் ஷீலா கவுடாவும் கலைஞர் கிறிஸ்டோஃப் ஸ்டோர்ட்ஸும் வீடுகளில் இருந்து தூக்கி எறியப்பட்ட ஆட்டுக்கற்களை நூற்றுக்கும் மேல் கொண்டுவந்து வைத்தார்கள். ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் மாட்டி நாடு முழுக்க அனுப்பிய ஊர் கோவை. நம் கிரைண்டர் உள்ளே போன ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கல் வெளியே வந்திருக்கிறது. எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக் கல் இன்னும் கொல்லையில் மழைத் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. குழிக்குள் கைவிட்டால் அவர் ஆட்டி ஆட்டி வழுவழுப்பான பக்கம் எது என்று விரலுக்குத் தெரியும்.

சிலிக்கோன் சிலைக்கும் மெழுகு பொம்மைக்கும் என்ன வித்தியாசம்?

ரான் மியூக்கைப் பற்றிய கேள்வி இது. ஆஸ்திரேலியாவில் 1958-ல் பிறந்தவர், சினிமாவுக்கும் டிவிக்கும் பொம்மை செய்துகொண்டிருந்தவர். மயிர்க்கால், நரம்பு, நகக்கண் வரை அப்படியே செய்வார். ஆனால் அளவை மட்டும் மாற்றிவிடுவார். குந்தி உட்கார்ந்திருக்கிற ஒரு பையன் சுமார் 5 மீட்டர் உயரம். அதற்கு நேர்மாறாக, 1996–97-ல் அவர் செய்த இறந்துபோன அப்பா, நிஜ ஆளில் மூன்றில் இரண்டு பங்குதான். உடுப்பில்லாமல் மல்லாந்து கிடக்கிறார். தலையில் வைத்திருப்பது மியூக்கின் சொந்த முடி.

மெழுகு பொம்மை “அவர் மாதிரியே இருக்கு” என்று சொல்ல வைக்கும். அதோடு முடிந்தது. மியூக் தன் அப்பாவை ஏன் சின்னதாகச் செய்தார் என்று பலர் கேட்கிறார்கள். நான் என் அப்பாவைச் சொல்லித்தான் பதில் சொல்கிறேன். முப்பது வருடம் லேடில் (உருகிய உலோகம் ஊற்றுகிற கரண்டி) பிடித்தவர், ஆள் வாட்டசாட்டம். இறந்த அன்று வாசலில் பெஞ்சில் படுக்க வைத்துக் குளிப்பாட்டினோம். அவ்வளவு சின்னதாக இருந்தார். தோளைத் தூக்கினால் என் கைக்குள் அடங்கிவிட்டார். முழங்கைக்குக் கீழே உலோகம் தெறித்த புள்ளிப் புள்ளித் தழும்புகள் மட்டும் பழைய அளவிலேயே இருந்தன. மியூக்கின் சிலையைப் படத்தில் முதல் முறை பார்த்தபோது, அளவெடுத்துப் பழகிய எனக்கு அந்த அளவு சரி என்று உடனே பட்டது.

சுவரில் டேப் ஒட்டின வாழைப்பழம்?

மௌரிசியோ கட்டெலான் என்ற இத்தாலியர் 2019-ல் மயாமியில் வைத்தது. 1,20,000 டாலருக்கு விற்றது, 2024-ல் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. அந்த ஒரு செய்தியை வைத்து மற்ற எல்லாரையும் தள்ளிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நம் கோயில் வழக்கங்களிலும் இப்படி இருக்கிறதே, அதையும் கலை என்று சொல்லலாமா?

இருக்கிறது. உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் மாட்டுப் பொங்கலுக்கு மண்ணில் செய்த மாட்டு உருவாரங்களை வைப்பார்கள். கண் நோவு தீர்ந்தால் அம்மனுக்குக் கண்மலர் சாத்துகிறோம். கை, கால் வடிவத்தில் வெள்ளித் தகடு போடுகிறோம். உடம்பின் ஒரு பகுதியைத் தனியே எடுத்து வேண்டுதலாக வைப்பது நமக்குப் பழக்கம். பொன்னர் சங்கர் என்ற அண்ணன்மார் கதையை நடத்தும்போது, படுகளம் என்ற போர்க்கள நிகழ்வில் விழுந்தவர்கள் எழுப்பப்படும்வரை செத்தவர்களாகவே கிடப்பார்கள். பார்க்கிறவர்களுக்கும் உடம்பு நடுங்கும்.

ஆனைமலையில் மாசாணியம்மன் மல்லாந்து படுத்திருக்கிறாள். குண்டம் திருவிழாவில் மயான பூசை ராத்திரி, ஆற்றங்கரை மண்ணில் அவளைப் படுத்த கோலத்தில் உருவாக்குகிறார்கள். இதைச் சொல்லும்போது அனா மெண்டியெட்டாவின் படங்களைப் போடுவேன். 1948-ல் கியூபாவில் பிறந்து, பன்னிரண்டு வயதில் ஊரையும் பெற்றோரையும் விட்டு அமெரிக்கா அனுப்பப்பட்டவர். 1973 முதல் சில வருடங்கள் மண்ணிலும் மணலிலும் புல்லிலும் தன் உடம்பின் தடத்தைப் பதித்து, தண்ணீரோ நெருப்போ அழிக்கிற வரைக்கும் விட்டுப் படமெடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மயிர்க்கூச்செறியும்.

ஆனாலும் மாசாணியைக் கலைக்கூடத்துச் சொற்களில் அழைக்க எனக்கு விருப்பமில்லை. உருவாரம் செய்கிற குயவருக்கும் வைக்கிற குடியானவருக்கும் அது வேண்டுதல். அவர்கள் வைத்த பெயரே அதற்குப் போதும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு மெண்டியெட்டாவிடம் போகலாம், அது நமக்குக் கிடைத்த சீதனம்.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா? உடுப்பில்லாத உருவங்கள் வருமே?

கூட்டி வாருங்கள். எந்தப் படங்கள் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ரத்தம், வன்முறை உள்ளவற்றைக் குழந்தைகள் இருந்தால் போடுவதில்லை. வெறும் உடம்பைப் பார்த்து ஒரு நிமிடம் சிரிப்பார்கள், அப்புறம் “அந்தத் தாத்தாவுக்குக் குளிராதா?” என்று கேட்பார்கள்.

நேரில் எங்கே பார்ப்பது? படிக்க என்ன வழி?

பக்கத்தில் பெரியது கொச்சி பினாலே. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் டிசம்பரில் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நடக்கும். கோவையில் ரயில் ஏறினால் எர்ணாகுளம் நாலு மணி நேரம்தான். அங்கிருந்து படகில் ஃபோர்ட் கொச்சி. ஒரே நாளில் எல்லாம் பார்க்க ஆசைப்படாதீர்கள், கால் வலிதான் மிஞ்சும். கோவையில் அவிநாசி ரோட்டில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது, கூடவே நெசவு பற்றிய அருங்காட்சியகமும். உக்கடத்தில் அடுக்குமாடி வீட்டுச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரைந்திருக்கிறார்கள், ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள்.

படிப்புக்கு அரசு கவின்கலைக் கல்லூரி சென்னையிலும் கும்பகோணத்திலும் உண்டு. சென்னைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. பிள்ளை கேட்டால் நுழைவுத் தேர்வு எழுத விடுங்கள்.

வரைய வராது. நாங்களும் ஏதாவது செய்து பார்க்கலாமா?

கண்டிப்பாக. ஆஸ்திரியாக்காரர் எர்வின் வுர்ம் 1990-களின் பிற்பகுதியில் ஒரு வழி கண்டுபிடித்தார். வாளி, நாற்காலி, பேனா, பழம் என்று கையில் கிடைத்த சாமானோடு ஓர் ஆள் விசித்திரமாக ஒரு நிலையில் நிற்க வேண்டும், ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடம் அவர்தான் சிலை. பார்க்க வந்தவர்களையே நிற்கச் சொன்னார்.

கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் தினமும் புழங்குகிற ஒரு சாமானைக் கொண்டு வாருங்கள். அரிவாள்மனை, கத்தி வேண்டாம். கண்ணாடிச் சாமானும் வேண்டாம். ஒருவர் நிற்க, ஒருவர் மணி பார்க்க, மற்றவர்கள் நாலு பக்கமும் சுற்றி வந்து பார்ப்போம். போன மாதம் பனியன் கம்பெனியில் வேலை செய்கிற அக்கா ஒருவர் முறத்தைக் கொண்டு வந்தார். முறத்தை முகத்துக்கு மேல் படுக்கப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு கையையும் விட்டுவிட்டு நின்றார். முறம் மூச்சுக்கு ஏறி ஏறி இறங்கியது. ஒரு நிமிடம் ஆனது என்று சொல்லியும் அவர் இறக்கவில்லை, அப்படியே இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். நாங்களும் சுற்றி வந்துகொண்டே இருந்தோம்.